எல்லா டிரைவருக்கும் ஒரே திருப்பத்தில் போன்

1. நாற்காலி

பாதி வாழ்க்கை லாரியும் பஸ்ஸும் ஓட்டினேன். முழங்கால் போன பிறகு முதலாளி என்னை வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார். சூப்பர்வைசர் என்று பெயர். ஸ்பேர் டிரைவர் கிடைக்காத நாளில் நானே ஓட்டவும் வேண்டும்.

எங்கள் டிராவல்ஸ் ஓசூரில் இருக்கிறது. ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் விடுகிறோம். பெரிய லைன் போச்சம்பள்ளி லைன். ஓசூரில் கிளம்பி, சானமாவு காட்டைத் தாண்டி, உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை வழியாகப் போகும். ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

ஒரு நாள் அந்த ஃபேக்டரியிலிருந்து உத்தரவு வந்தது. எல்லா பஸ்ஸிலும் கேமரா வைக்க வேண்டும். கேமராவுக்கு இரண்டு கண். ஒன்று ரோட்டைப் பார்க்கும், ஒன்று டிரைவரைப் பார்க்கும். டிரைவர் தூங்கி வழிந்தால், போன் பேசினால், வேகமாகப் போனால் எங்கள் ஆபீஸ் ஸ்க்ரீனில் சிவப்பு விழும், அழுத்தி பிரேக் போட்டால் மஞ்சள். ஒவ்வொரு டிரைவருக்கும் ஸ்கோர் உண்டு. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போனால் ஆளை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மாதையா, இத நீயே பாத்துக்கோ. டிரைவருங்க உனக்குத்தான் பயப்படுறானுங்க" என்றார்.

அவர் அப்படி நம்பிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

கேமரா கம்பெனிக்காரர் வந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நான் எட்டாவதோடு நின்றவன். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். புரிந்தது ஒன்றுதான். சிவப்பு வந்தால் தப்பு, வராவிட்டால் தப்பில்லை. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு வரி வரும். வண்டி நம்பர், டிரைவர் பெயர், என்ன தப்பு, ஒரு போட்டோ. வீடியோ வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார்.

வரியின் கடைசிக் கட்டத்தில் புள்ளி வைத்து நீளமாக எண்கள் ஓடின. மெஷின் நம்பர் போல என்று நினைத்தேன். ஸ்க்ரீனில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. அந்தக் கட்டத்தை மட்டும் சுருக்கி மூடிவிட்டேன். கம்ப்யூட்டரில் நானாகச் செய்த முதல் வேலை அது. பெருமையாகத்தான் இருந்தது.

இதில் மீதி நடந்ததெல்லாம் அந்தக் கட்டத்தை மூடியதால் வந்தது.

2. களி

முதல் வாரமே சிவப்பு கொட்டியது. ஓவர் ஸ்பீடு ஒன்றிரண்டு. தூங்கி வழிந்ததாக ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் "போன் யூஸ்". போச்சம்பள்ளி லைனில் ஓட்டுகிற ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் உண்டு. போட்டோவில் விடியற்காலை இருட்டு, மங்கலாக ஒரு முகம், கன்னத்துப் பக்கம் ஒரு கை. போன்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

அதிகம் வாங்கியவன் முனிராஜ். உத்தனப்பள்ளிப் பக்கத்துக்காரன், இப்போது குடியிருப்பது ஓசூரில். வண்டியைப் பூப்போல ஓட்டுவான். அவன் மனைவி லட்சுமி அதே ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். அதே பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போவாள். இந்த லைன் போனால் அவன் பெங்களூருக்குப் போய் வாடகைக் கார் ஓட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூப்பிட்டுக் கேட்டேன். போனைத் தொடவே இல்லை என்று முனியப்பன் மேல் சத்தியம் செய்தான். லட்சுமியும் வந்து சாட்சி சொன்னாள். பெண்டாட்டி சாட்சி செல்லாது என்றேன்.

"ஏண்ணா, நான் பின்னாடி உக்காந்துகினு இருக்கும்போது இவரு யார்கிட்ட பேசிடுவாரு?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஸ்க்ரீன் சொல்வதுதான் வேதம். மறுநாள் ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் வாங்கிவந்தேன். வண்டி எடுக்கும் முன் எல்லா டிரைவரும் போனைப் பெட்டியில் போட வேண்டும். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

அடுத்த நாளும் "போன் யூஸ்" வந்தது. அதே ஆட்கள், அதே எண்ணிக்கை.

அப்படியென்றால் ஆளுக்கு இரண்டாவது போன் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். மூளை அப்படித்தான் ஓடியது. காலையில் ஷெட் வாசலில் நின்று சோதனை போட்டேன். சட்டைப் பை, சீட்டுக்கு அடி, சாப்பாட்டு டப்பா. முனிராஜின் டப்பாவில் களி உருண்டை இருந்தது. ஸ்பூனை வாங்கி அதையும் குத்திப் பார்த்தேன்.

முனிராஜ் சிரிக்காமல் நின்றான். "உள்ள சிம் கார்டு கிடைச்சா எனக்குக் குடுங்கண்ணா. என் போன்ல பேலன்ஸ் இல்ல."

பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சொன்ன பயத்தை நான் அன்று எங்கேயும் பார்க்கவில்லை.

ஃபேக்டரியின் சேஃப்டி ஆபீசர் ஒரு பெண். சுகந்தி மேடம். திருநெல்வேலிப் பக்கம். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், இருந்தாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர் போன் செய்து, முனிராஜ் கணக்கு எல்லை தாண்டிவிட்டது, மாதக் கடைசியில் அவரை மாற்றிவிடுங்கள் என்றார். சரிங்க மேடம் என்றேன். வேறு என்ன சொல்வது? நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

3. என் முறை

அந்த வாரம் ஒரு டிரைவர் வீட்டில் காதுகுத்து. ஸ்பேர் ஆள் இல்லை. காலை ஷிப்ட் பஸ்ஸை நானே எடுத்தேன். கிளம்பும் முன் எல்லோரும் பார்க்க என் போனைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். சூப்பர்வைசராக இருந்தாலும் ரூல் ரூல்தான் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

போய், ஆளை இறக்கிவிட்டு, திரும்பி வந்தேன். ஷெட்டில் டிரைவர்கள் டீ கிளாஸோடு வரிசையாக நின்றார்கள். சிவப்பு விழுந்தால் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் தானாகப் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னதும் நான்தான். அவர்கள் போன் பெட்டியில் இருந்தாலும், நான் வந்துகொண்டிருக்கும்போதே குரூப்பில் இருக்கிற கிளீனர் பையன் போனில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். டிரைவர் மாதையன், போன் யூஸ்.

முனிராஜ் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தான். சாவி என் இடுப்பில்.

"அண்ணா, ரெண்டாவது போன எங்க வெச்சிருக்கீங்க?"

"களிக்குள்ள பாரு" என்று இன்னொருவன் சொன்னான்.

ஆபீசுக்குள் போய் ஸ்க்ரீனில் போட்டோவைப் பார்த்தேன். இவ்வளவு நரைத்துவிட்டதா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். வலது கை, வலது கன்னத்தில். உள்ளங்கை காலி. இரண்டு விரல் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதற்குத் தொட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கையை அதே மாதிரி வைத்துப் பார்த்தேன். பல்வலியும் இல்லை.

பின்னாலேயே வந்து நின்ற முனிராஜ் என்னையும் ஸ்க்ரீனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கையும் தானாகக் கன்னத்துக்குப் போனது. ஒரு கன்னம், மறு கன்னம்.

"முனியப்பன் கோயில்ண்ணா" என்றான்.

சானமாவு காடு முடிகிற இடத்தில், இடது பக்கம், சின்ன முனியப்பன் கோயில். காட்டில் யானை நிற்கும். விடியற்காலையில் ரோட்டைக் கடக்கும். அதனால் காட்டுக்குள் எல்லா டிரைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவோம். காடு முடிந்து கோயில் தெரிந்ததும், அப்பாடா என்று இடது பக்கம் திரும்பி, ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். சிலர் ஜன்னல் வழியாகக் காசும் வீசுவார்கள். முனிராஜுக்கு அது குலசாமி. அவன் இரண்டு கன்னத்திலும் மூன்று முறை போடுவான். அதனால்தான் அவனுக்கு ஸ்கோர் குறைவு.

பக்தி அதிகமானால் சிவப்பும் அதிகம். கேமரா சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

4. மேடத்திடம் போனேன்

மறுநாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போச்சம்பள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். மெஷினுக்குச் சாமி தெரியாது மேடம், மனுசனுக்குத்தான் தெரியும் என்று ஆரம்பிப்பதாக இருந்தது. ஆரம்பித்தேன். கன்னத்தில் போட்டும் காட்டினேன். மேடம் முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை.

"இது எல்லாமே அந்தக் கோயில்லதானான்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி? லொகேஷன் பாத்தியளா?"

"லொகேஷன் எங்க மேடம் வருது?"

மேடம் தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தார். கடைசிக் கட்டம். புள்ளி வைத்த நீள எண். அதை அழுத்தினார். மேப் வந்தது. என் மெஷின் நம்பர் அதுதான். இத்தனை நாள் நான் மூடிவைத்திருந்தது அதைத்தான்.

போன் சிவப்பை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். ரோடு முழுக்க வெறும் ரோடு. காடு முடிகிற திருப்பத்தில் மட்டும் குங்குமம் கொட்டின மாதிரி ஒரே குவியல்.

"பாத்தீங்களா மேடம்" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தும் உட்கார்ந்தேன்.

மேடம் இன்னொரு பட்டனை அழுத்தினார். அழுத்தி பிரேக் போட்ட இடங்கள் மஞ்சளாக வந்தன. அவை அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நெருக்கமாக விழுந்திருந்தன. கோயிலைத் தாண்டின உடனே.

"இங்க என்ன இருக்கு அண்ணாச்சி?"

எனக்குத் தெரியும். வலது பக்கம் பூத்தோட்டங்களிலிருந்து ஒரு மண் ரோடு வந்து மெயின் ரோட்டில் ஏறுகிறது. மொபெட்டில் பூ மூட்டை வைத்துக்கொண்டு வருவார்கள். மார்க்கெட் அவசரத்தில் நிற்காமல் ஏறுவார்கள். நானும் அங்கே பலமுறை பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முனியப்பன் காப்பாற்றினான் என்றுதான் நினைத்தேன். அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் மொபெட்டைப் பார்க்கவில்லை என்று ஒரு தடவையும் தோன்றவில்லை.

சாய்ந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"போன் இல்லைன்னு நான் எழுதிடுதேன்" என்றார் மேடம். "அது பொய்க் குத்தம். ஆனா கை எங்க இருந்துச்சு, கண்ணு எங்க இருந்துச்சு? அது நிஜந்தான? ஒரு மாசம் வாங்கித் தாரேன். அந்த எடத்துல செவப்பு நிக்கணும். நிக்கலைன்னா முனிராஜ்தான் முதல்ல போவாரு. அவரு கணக்குதான் மேல இருக்கு."

அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வீடியோவும் பார்க்க ஃபேக்டரி செலவில் ஏற்பாடு செய்தார்.

5. உண்டி

முதலில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தடை போட்டேன். ஓட்டும்போது யாரும் கும்பிடக் கூடாது. டிரைவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் அதே குவியல்.

அவர்களைத் திட்டும் முன் நானே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று காலி வண்டியை எடுத்துப் போனேன். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கோயில் வந்தது. பல்லைக் கடித்தேன். கை ஏறிவிட்டது. நான் ஏற்றவில்லை, அதுவாக ஏறியது. திரும்பி வந்து யாரையும் திட்டவில்லை.

முதலாளி ஒரு வழி சொன்னார். அந்த இடத்தில் மட்டும் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, தாண்டினதும் எடுத்துவிட வேண்டியது. கேமராவின் கண் எனக்கும் கசந்துபோயிருந்தது. நல்ல யோசனையாகத்தான் பட்டது. முனிராஜிடம் சொன்னேன். வேலை போகப்போகிறவன் அவன். ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

"அப்புறம் மண் ரோட்டுல அடிபட்டுக் கெடக்கிறவன் மேலயும் அதே துண்டதாண்ணா போடணும்" என்றான்.

துண்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

வழி சொன்னது லட்சுமி. ஓட்டிக்கொண்டே ஏன் கும்பிட வேண்டும், நிறுத்திக் கும்பிட்டால் என்ன என்று கேட்டாள். பஸ்ஸில் இருக்கிற பெண்கள் எல்லோரும்கூடத்தான் கும்பிடுகிறோம், எங்களுக்கும் கண்ணை மூட ஒரு நிமிஷம் கிடைக்கும் என்றாள். கோயில் எதிரில் பஸ் நிற்க இடமில்லை. திருப்பம். ஆனால் கோயிலுக்கு முன்னாலேயே ரோட்டோரம் அகலமான காலியிடம் இருக்கிறது. தக்காளி லோடு ஏற்றும் வண்டிகள் நிற்கும். அங்கே நிறுத்தினால் கோயில் கோபுரம் மட்டும் தெரியும், சாமி தெரியாது. சாமியைப் பார்க்காமல் கும்பிட டிரைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

பூசாரியிடம் போனேன். கோவிந்தப்பா. பகலில் ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர். ஆபீஸ் பாஷையில் விளக்கினேன். டேட்டா, ரிஸ்க், ஸ்பாட். அவர் மருந்து டேங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமிய நகத்தணும்ன்றியா?"

இல்லை என்றேன். காலியிடத்திலிருந்தே கும்பிட ஒரு வழி வேண்டும் என்றேன். அவரே யோசித்தார்.

"சாமி எங்கியும் வராது. உண்டி வேணா வரும். ஒரு சூலத்த நட்டு, வெளக்கு ஒண்ணு வெச்சிடறேன். சூலம் இருக்கற எடத்துல அவன் இருப்பான்."

நல்ல நாள் பார்த்துக் காலியிடத்தில் சூலம் நட்டார். காணிக்கை போடும் உண்டி வந்தது. விபூதித் தட்டு வந்தது. பஸ் அங்கே நிற்கும், எல்லோரும் கும்பிடுவார்கள், முனியப்பன் கோயிலைக் கடக்கும்போது கையும் கண்ணும் ரோட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு. இதற்காக ஓசூரில் பஸ் கொஞ்சம் முன்னால் கிளம்ப வேண்டியிருந்தது. தூக்கம் போன பெண்கள் என்னைத்தான் திட்டினார்கள். சாமியைத் திட்ட முடியாதே.

6. மஞ்சள்

குவியல் கரைந்தது. முனிராஜ் பெயரில் அந்த இடத்தில் சிவப்பே இல்லை. மாதம் முடிகிற சமயம். நான் தினமும் அந்தக் கடைசிக் கட்டத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, முனிராஜ் வண்டியில் மஞ்சள் விழுந்தது. அழுத்தி பிரேக். இடம், அதே மண் ரோடு. அதுவும் கணக்கில் சேரும். மாத ஆரம்பத்தில் விழுந்த சிவப்போடு சேர்த்தால் அவன் எல்லை தாண்டிவிடுவான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டு, கடைசி நேரத்தில் இப்படிச் செய்துவிட்டானே என்று. அவன் போன் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. லட்சுமிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கத்த ஆரம்பித்தேன்.

"பஸ்சு நின்னுடுச்சுண்ணா. அந்தப் பொண்ணு பூ மூட்டயப் பொறுக்கிகினு இருக்கா. ஒண்ணும் ஆகல. இவருக்குத் தண்ணி குடுத்துகினு இருக்கேன். நீங்க அப்புறம் திட்டுங்க."

வைத்துவிட்டாள்.

மேடத்தின் அறையில் வீடியோவைப் பார்த்தோம். மேடம், முதலாளி, நான், முனிராஜ். காலியிடத்தில் பஸ் நிற்கிறது. முனிராஜ் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்கிறான். வண்டி நகர்கிறது. கோயில் வருகிறது. அவன் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கில். உதடு மட்டும் அசைகிறது. அடுத்து, வலது பக்கத்திலிருந்து ஒரு மொபெட். ஒரு பெண், முன்னால் பூ மூட்டை, பின்னால் பள்ளி யூனிபாரத்தில் ஒரு சிறுமி. பஸ்ஸைப் பார்க்காமல் ஏறுகிறாள். முனிராஜ் முழு பலத்தோடு பிரேக்கில் ஏறுகிறான். பஸ் நிற்கிறது. பயத்தில் மொபெட் சாய்கிறது. மூட்டை உருண்டு பஸ்ஸுக்கு அடியில் மறைகிறது, டயரைத் தொட்டு நின்றது என்றான் முனிராஜ்.

முன்பு மாதிரி அவன் இடது பக்கம் திரும்பியிருந்தால் என்று நான் கணக்குப் போட்டேன். டிரைவராக இருந்தவனுக்கு அந்தக் கணக்குப் போட ஸ்கூல் தேவையில்லை. டயரைத் தொட்டிருப்பது மூட்டை இல்லை.

மேடம் அதை மறுபடி ஓடவிட்டார். மேப்பைத் திறந்து அந்த மஞ்சளை எடுத்துவிட்டார்.

"இந்த பிரேக்குக்கு மார்க் கொறச்சா, நாம கேமரா வச்சதுல அர்த்தம் இல்ல. எங்க ஹெட்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். பேசினார். முனிராஜ் லைனில் இருக்கிறான்.

வெளியே வந்ததும், கேமராவுக்குப் போட்ட காசு வீணாகவில்லை என்றார் முதலாளி. முனியப்பன்தான் காப்பாற்றினான் என்றான் முனிராஜ். சாயங்காலம் லட்சுமி கேட்டுவிட்டு, நிறுத்தச் சொன்னது நான் என்றாள். என் பெயரை யாரும் சொல்லவில்லை. காத்திருந்து பார்த்தேன்.

7. ஸ்க்ரீன் முன் உட்காருகிறவர்களுக்கு

இப்போது இந்த வேலைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். என்னைவிடப் படித்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். இடம் காட்டும் கட்டத்தை மூடாதீர்கள். சிவப்பு வந்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மெஷின் வைக்கிற பெயர் தப்பாக இருக்கலாம். அதை நம்பி ஒருத்தன் சோற்று டப்பாவைக் கிளறாதீர்கள். அதே வண்டியில் ஏறி, அதே ரோட்டில் போய்ப் பாருங்கள். பெயர் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டால், சிவப்பும் தப்பு என்று துள்ளாதீர்கள். நான் இரண்டையும் செய்தேன்.

போச்சம்பள்ளி லைனில் எல்லா டிரைவரும் திருந்திவிட்டார்கள். ஒருத்தர் தவிர. ஸ்பேருக்குப் போன இரண்டு தடவையும், காலியிடத்தில் நிறுத்தி முறையாகக் கும்பிட்டேன். திருப்பத்தில் கோயிலைப் பார்த்ததும் கை மறுபடி ஏறிவிட்டது. சிவப்பு விழுந்தது. குரூப்பிலும் விழுந்தது. ரூல்படி அந்த லைனில் நான் ஓட்டக் கூடாது என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன்.

மாதம் ஒரு நாள் ரோடு செக் பண்ண முனிராஜ் பஸ்ஸில் போகிறேன். லட்சுமிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருவேன். திருப்பம் வரும்போது முனிராஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பின்னால் நிம்மதியாக இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வேன். அந்தச் சீட்டுக்குக் கேமரா கிடையாது.